உள்ளே பதினொரு கோலி

கிளை நூலகம்,
மரக்காணம்.
18.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? அப்பாவின் இடுப்பு வலி பனிக்குக் கூடுகிறது, வெயிலுக்குக் குறைகிறது. நாக்கு மட்டும் எல்லாப் பருவத்திலும் ஆரோக்கியமாக இருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். காது மந்தமான பிறகு அப்பா எல்லா அழைப்பையும் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். வீட்டுக்கு இருப்பது ஒரே போன், அதுவும் அவர் தலையணைக்கு அடியில். வாட்ஸ்அப்பில் வருவதையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். நம் வீட்டில் ரகசியம் பேச அஞ்சல் துறையை விட்டால் வேறு நாதியில்லை. பதிலை நூலக முகவரிக்கே போடு. இங்கே வருகிறவர்கள் செய்தித்தாளைத் தவிர எதையும் பிரித்துப் படிப்பதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். அப்பாவின் அணு சாலைக்குள் வருகிறது.

நீ வேதியியலில் ஃபெயிலானவன் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நீ எட்டாவதும் நான் ஐந்தாவதும் படித்த வருஷம், பழைய பள்ளிக்கூட மைதானத்தில் அப்பா மாணவர்களை வைத்துச் சிமெண்டில் ஒரு சோடியம் அணு கட்டினார். உப்பில் பாதி சோடியம்; உப்பு விளையும் ஊர்ப் பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். நடுவில் உட்கரு, பெரிய பானைக்குள் வார்த்த உருண்டை. அதைச் சுற்றி உப்புப் பாத்தி வரப்பு மாதிரி மூன்று வட்டங்கள்; பாடத்தில் கூடு என்பார்கள். வட்டங்களின் மேல் இடுப்புயரத் தூண்கள். தூணுக்கு ஓர் இளநீர் அளவு உருண்டை, அதுதான் எலக்ட்ரான். முதல் வட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, வெளி வட்டத்தில் தன்னந்தனியாக ஒன்று.

அந்த ஒற்றை உருண்டையை உப்பு லாரி ரிவர்ஸில் வந்து தட்டிவிட்டது உனக்கு நினைவிருக்கும். அப்பா டிரைவரைத் திட்டவில்லை. சோடியம் தன் கடைசி எலக்ட்ரானைச் சுலபமாக விட்டுவிடும் என்று பாடத்திலேயே இருக்கிறது, லாரி அதை நடத்திக் காட்டியது என்று சந்தோஷப்பட்டு, உருண்டையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்.

உனக்குத் தெரியாதது பிறகு நடந்தது. 2011-இல் வந்த 'தானே' புயலில் ஒரு தென்னை குறுக்கே விழுந்து உள்வட்டத்து இரண்டையும் பெயர்த்துப் போட்டது. அடுத்த மாதமே அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. பிறகு கண் பிரஷரில் பார்வையும் போனது. அந்த இரண்டு உருண்டைகள் போனதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒன்று டீக்கடையில் இருக்கிறது. இன்னொன்று இந்த நூலகக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறது.

இப்போது எண்ணிப் பார். நடுவில் ஒன்று. சுற்றி எட்டு.

பள்ளி புதுக் கட்டிடத்துக்குப் போனது, மதில் இடிந்தது, மைதானம் சாலையோரமானது. பஸ் நிறுத்தத்தில் பூ விற்கும் அம்சவல்லி ஒரு சனிக்கிழமை அங்கே எள் விளக்கு ஏற்றினாள். அந்த மாதமே அவள் மகளுக்கு வரன் அமைந்தது. அன்று முதல் அது நவக்கிரகம். எட்டில் எது சனி பகவான் என்ற சந்தேகத்தை, எந்த உருண்டையின் மேல் காக்கை அதிகம் உட்காருகிறது என்று பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். உப்பளக்காரர்கள் பருவம் தொடங்கும்போது வந்து, மழை வராமல் உப்பு விளையவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். சோடியத்திடம் உப்புக் கேட்பதில் வேதியியல்படி ஒரு குற்றமும் இல்லை.

அப்பா சனிக்கிழமைதோறும் கேட்கிறார்: "அணு எப்டிம்மா இருக்குது? யாராவது வந்து பாக்குறாங்களா?"

"கூட்டம் நிக்குதுப்பா" என்கிறேன். பொய்யில்லை. அவருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசியவர். தேவநாதன் என்ற பெயரையே தன் தகப்பனார் செய்த பிழை என்று சொல்கிறவர்.

நிலமெடுப்புத் தாசில்தார் நிவேதா என்று ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போனாள். கோயில் என்றால் பக்கத்திலேயே இடம் கொடுத்து அப்படியே தூக்கி வைப்பார்களாம். பள்ளிக்கூடம் விட்டுப்போன சிமெண்ட் என்றால் ஜேசிபி. கட்டினவர் உயிரோடு இருப்பதால் அவரையே நேரில் கேட்டு முடிவெடுக்கப் போகிறாள். அப்பா உண்மையைச் சொன்னால் அணு போய்விடும். கோயில் என்று சொல்வதானால், அது கோயிலானது முதலில் அவருக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் அவர் என்ன ஆவாரோ. இந்த ஊரில் அவருடையது என்று நிற்பது அது ஒன்றுதான்.

நீ வந்து பக்குவமாகச் சொல்லவேண்டும். எப்போது வருகிறாய்?

அன்புத் தங்கை,
பொன்னி


டோம்பிவிலி,
4.2.2025

அன்புள்ள பொன்னிக்கு,

நாங்கள் அனைவரும் நலம். உன் நலமும் அப்பா நலமும் அறிய ஆவல். அண்ணிக்கு மூட்டு வலி. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை.

உன் கடிதத்தைக் கடையில் வைத்து இரண்டு தடவை படித்தேன். அப்பா நம்மை எலக்ட்ரானாக ஓடவிட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. வேதியியல் வகுப்பு என்றால் எல்லோரும் மைதானத்துக்குப் போய் அந்த வரப்புகளுக்கு நடுவே ஓடவேண்டும். உள்வட்டத்தில் இரண்டு பேர், அடுத்ததில் எட்டு பேர். வெளி வட்டத்தில் ஓட ஒரே ஒரு ஆள். அந்த இடத்துக்குத்தான் அடிதடி. நீ ஐந்தாம் வகுப்பு என்பதால் உன்னை நடுவில் உட்காரவைத்து நியூட்ரான் என்று சொல்லிவிட்டார். நீ பாவாடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தாய்.

உட்கருவை வார்த்த அன்று அவர் என் டவுசர் பையைத் துழாவி, சிவப்புக் கோலிகள் பதினொன்றை எடுத்துக்கொண்டார். எல்லாம் நான் ஆடி ஜெயித்தவை. சோடியத்துக்குப் பதினொரு புரோட்டான் வேண்டுமாம். பன்னிரண்டு நியூட்ரானுக்கு உன் கூழாங்கற்களைப் பறித்துக்கொண்டார். எல்லாவற்றையும் பானைக்குள் போட்டுச் சிமெண்டை ஊற்றினார். "வெளிய தெரியாதேப்பா, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாத எடத்துலதான்டா சரியா இருக்கணும்."

நானும் அதற்குப் பிறகு எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தெரியாத இடத்தில் சரியாக இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் கோலிகள் என்னுடையவை. அந்த வழக்கை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

கடைசி எலக்ட்ரானை என்னையே வார்க்கச் சொன்னார். சின்னப் பானைகள் தீர்ந்துவிட்டதால் கிழிந்த ரப்பர் பந்துக்குள் வார்த்தேன். கலவையில் தண்ணீர் அதிகமாகி ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. அடிப்பார் என்று நின்றேன். "பரவால்ல, எலக்ட்ரான் உருண்டையா இருக்குதுன்னு யார் பாத்தா" என்று தூணில் வைத்துப் பூசிவிட்டார்.

சிவராத்திரி வருகிறது. கடையில் கற்பூரம், விபூதி, குங்குமம் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறது. அப்பாவைப் பொறுத்தவரை நான் இங்கே 'கெமிக்கல் லைனில்' இருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். கடவுள் இல்லை என்று சொன்னவருடைய மகன் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறான் என்பதை இந்த வயதில் அவர் கேட்கவேண்டாம்.

அணு விஷயத்தை நீயே சொல்லிவிடேன். உனக்குச் சொல்லத் தெரியும்.

அன்புடன்,
வெற்றிச்செல்வன்


மரக்காணம்,
15.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணிக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? நொச்சி இலை கிடைத்தால் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தின் மேலே பிள்ளையார் சுழி போட்டு, பிறகு அடித்திருக்கிறாய். அடித்ததும் தெரிகிறது, அடிக்கப்பட்டதும் தெரிகிறது. கடைப் பழக்கம் கையை விட்டுப் போகாது போலிருக்கிறது.

நியூட்ரானைப் பற்றி எழுதியிருந்தாய். நூலகத்தில் எடுத்துப் படித்தேன். அதற்கு மின்சுமை கிடையாது, எடை மட்டும் உண்டு. உட்கருவை விட்டு எங்கும் போகாது. பெற்றவரோடு தங்கிவிட்ட மகளைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை.

அம்சவல்லி நேற்று வந்தாள். படிக்க இல்லை, மின்விசிறிக் காற்றுக்கு.

"ஏங்க்கா, சார் கோயில்னு சொல்லிடுவாரு இல்ல?"

"அவரு சாமி கும்பிட மாட்டாரும்மா."

"அவரு கும்பிட வாணாம். அவரு வெச்ச சாமிய நாங்க கும்பிடுறோம் இல்ல, அதச் சொல்லட்டுமே."

"அவரு சாமி வெக்கல அம்சா. அணு வெச்சாரு."

"எந்தப் பேர்ல வெச்சா என்னக்கா? வெச்சாரு இல்ல?"

அவளுக்குப் பின்னால் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்ற எலக்ட்ரானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் நான் இதைச் சொன்னால், இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். நீ சொன்னால், நீ வந்ததிலேயே பாதி மறந்துவிடுவார். வருவது பற்றி உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பக்கம் போதவில்லையோ?

அன்புத் தங்கை,
பொன்னி


டோம்பிவிலி,
22.3.2025

அன்புள்ள பொன்னிக்கு,

நலம், நலமே விழைகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். சிவராத்திரி போனதும் ஹோலி வந்தது, இப்போது ராமநவமிக்குச் சரக்குப் பிடிக்கவேண்டியிருக்கிறது. இந்த ஊரில் கடவுள்களுக்கு விடுமுறையே கிடையாது, அதனால் எனக்கும் இல்லை.

அப்பாவுக்கு இரண்டு வேட்டியும் ஒரு துண்டும் பார்சலில் போட்டிருக்கிறேன். பெட்டி கடைப் பெட்டி. அதன்மேல் ஒட்டியிருந்த சாமி படத்தைக் கிழித்துவிட்டேன். மிச்சம் இருந்தால் நீ சுரண்டிவிடு.

அண்ணிக்கு ஒத்தடம் நன்றாகக் கேட்கிறது.

வெற்றி


மரக்காணம்,
2.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். வேட்டி வந்தது. அப்பா பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தானே பிரித்தார். எப்போதும் அப்படித்தான், யாரையும் தொடவிடமாட்டார். வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். "வெற்றி நல்லா இருக்கான்" என்றார். அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை உப்பள முதலாளி குழந்தைசாமி, கோயில் கமிட்டித் தலைவர் என்ற முறையில் நான்கு பேரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் தண்ணீர் மொண்டுவருவதற்குள் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"சார், உங்களால ஊருக்கே நல்லது நடந்துக்கினு இருக்குது."

"என் வேலைய நான் செஞ்சேன்யா."

"போன வருசம் பருவம் முடியிற வரைக்கும் எங்க பாத்தியில ஒரு சொட்டு மழ எறங்கல சார்."

"அது காற்றழுத்தம்."

"எல்லாம் நீங்க வெச்சதோட மகிம சார்."

"கல்வியோட மகிமன்னு சொல்லுய்யா" என்றார் அப்பா, கண்கலங்கி. "உப்பளத்துல வேலை செய்யிற ஜனங்க அணுவத் தேடி வந்து பாக்குதுன்னா, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

குழந்தைசாமிக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் சொம்போடு வாசற்படியில் நின்றேன். அந்த நேரத்தில் யார் உண்மையைச் சொல்வார்கள்?

விசாரணை இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி, அணுவின் பக்கத்திலேயே. தன்னை நேரில் கூப்பிட்டதில் அப்பாவுக்குப் பெருமை. அணுவின் அமைப்பை அந்தப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது என்று தினமும் படுக்கையில் சொல்லிப் பார்க்கிறார். 'அறிவியல் சின்னம்' என்று சொன்னால் அரசு காப்பாற்றும் என்று நம்புகிறார். அரசு காப்பாற்றும் பட்டியலில் அப்படியொன்று இல்லை என்று தாசில்தார் என்னிடம் முன்பே சொல்லிவிட்டாள்.

இந்தத் தடவை கேள்வியை மேலேயே எழுதியிருக்கவேண்டும். எப்போது வருகிறாய்?

பொன்னி


டோம்பிவிலி,
14.4.2025

அன்புள்ள பொன்னிக்கு,

நலம். கோடை விடுமுறை, ரயிலில் டிக்கெட் இல்லை. தட்கல் போட்டுப் பார்த்தேன்.

சரி, போட்டுப் பார்க்கவில்லை.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று என்ன சொல்வார் என்று பயந்துகொண்டே பேப்பரோடு நின்றேன். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவர். "சாப்டுடா" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. திட்டியிருந்தால் ஊரிலேயே இருந்திருப்பேன் என்று சில சமயம் தோன்றும். பம்பாய்க்கு வந்து, கிடைத்த வேலைக்குப் போய், அது கடைசியில் கற்பூரக் கடையாக முடிந்தது. அவர் முன்னால் வந்து நின்றால் "என்னடா தொழில்?" என்று கேட்பார். போனில் சமாளிக்கலாம். நேரில் அவருக்குப் பொய் சொல்ல எனக்கு வராது.

அப்பாவை ஆட்டோவில் முன் சீட்டுப் பக்கம் உட்காரவைக்காதே. குழி அதிகம். வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுவிடு.

வெற்றி


மரக்காணம்,
30.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அப்பாவும் உடம்பளவில் நலம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலேயே உன் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். ஆட்டோவில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வழி நெடுக அவர் இரண்டு, எட்டு, ஒன்று என்று முணுமுணுத்துக்கொண்டே வந்ததில் சொல்லமுடியவில்லை.

இறங்கியதும், "ஏம்மா இவ்ளோ சத்தம்?" என்றார்.

"ஜனங்கப்பா. எல்லாரும் வந்திருக்காங்க."

"பழைய பசங்களா?"

"அவங்களும் இருக்காங்க."

கைத்தடியை ஊன்றி நேராக உருண்டைகளிடம் போனார். வழி அவருக்கு மறக்கவில்லை. முதல் உருண்டையில் கை வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு. விரல்களைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். அடுத்த உருண்டையில் குங்குமம். அதையும் முகர்ந்தார். எட்டையும் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தார். பார்த்தவர்களுக்கு அவர் பிரதட்சிணம் வருவதாகத்தான் தெரிந்திருக்கும். பின்னாலேயே இரண்டு கிழவிகள் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு உட்கருவை நோக்கி ஒரு அடி உள்ளே வைத்தார்.

"சார், சார்! குளிச்சிட்டு வந்தீங்களா?" என்றாள் அம்சவல்லி.

"நான் கட்டினதும்மா இது."

"கட்டினா என்ன சார்? குளிக்க வாணாமா?"

அப்பா தடியை உள்வட்டத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டித் தட்டினார். மொட்டைத் தூண்கள்தான் தட்டுப்பட்டன.

"பொன்னி. முதல் கூட்டுல ரெண்டு இருக்கணுமே. எங்க?"

"தானே புயல்ல போயிடுச்சுப்பா."

"அப்பலேருந்து முதல் கூடு இல்லாம ரெண்டாவது கூடு நிக்குதா?" என்றார். என்னைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. சாமி கும்பிட்டதைக் கூட அவர் தாங்கியிருப்பார். இதைத் தாங்கவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

தாசில்தார் நிவேதா பக்கத்தில் வந்து குனிந்தாள். நல்ல மாதிரி. "ஐயா, நீங்க கட்டினதுதானே? இது என்னன்னு சொல்லுங்க. நீங்க சொல்றதத்தான் எழுதணும்."

"கோயில்னா என்ன பண்ணுவீங்க?"

"அந்தா, அந்தப் புளியமரத்துக்கிட்ட எடம் குடுத்து, கிரேன் வெச்சி அப்படியே தூக்கி வெப்போங்க."

"இல்லன்னா?"

அவள் ஜேசிபி என்ற சொல்லைச் சொல்லவில்லை. அது எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

"தூக்கும்போது நடு உருண்டைய ஒடச்சிப் பாப்பீங்களா?"

"ஐயையோ, சாமிய யாருங்கய்யா ஒடப்பாங்க?"

குழந்தைசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"குழந்தைசாமி, நடுவுல யாருய்யா?"

"சூரிய பகவான் சார்."

"அவருக்குப் பொண்டாட்டி எத்தன பேரு?"

கமிட்டியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உஷா, சாயான்னு ரெண்டு பேரு. படிச்சதில்லையா? ஒரு ஊரே கும்பிடுறீங்க, அந்தாளத் தனியாவா நிக்க வெச்சிருக்கீங்க?"

மறுப்பதற்காகப் புராணம் படித்தவர்கள் அதை ஒழுங்காகப் படித்துவிடுகிறார்கள். அம்சவல்லி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அதான் எம் பொண்ணுக்குக் கல்யாணம் அமஞ்சுது, குடித்தனம் அமையல! வாழாம வந்து ஒக்காந்துக்கினு இருக்குது!"

"உள்ள ரெண்டு மொட்டைத் தூண் இருக்குது. ரெண்டு பேரையும் கொண்டாந்து ஏத்துங்க. அப்புறம், காக்காய்க்கு எங்க சோறு வெக்கிறீங்க?"

"சும்மா தரையிலதான் சார்."

"பலிபீடம் இல்லாம ஒரு கோயிலா? வெளி வட்டத்துல ஒரு தூண் நிக்குது பாரு. அதுக்குத்தான் அது. அதுலயும் ஒண்ணு வரணும்."

"வெச்சிடலாம் சார்" என்றார் குழந்தைசாமி. இவ்வளவு குறைகளோடு இத்தனை நாள் மழை பெய்யாமல் இருந்ததே என்று அவருக்கு இப்போது பயம் வந்துவிட்டது.

அப்பா தாசில்தார் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோம்மா. கட்டினது நான். கும்பிடுறது இந்த ஊரு. ரெண்டும் உண்மை. சுத்தி இருக்கவேண்டியது ரெண்டு, எட்டு, ஒண்ணு. அதையும் சேத்து எழுதிக்கோ. கொறையக் கூடாது."

அவள் எழுதிக்கொண்டாள். ஜேசிபி பின்வாங்கியது. கூட்டத்தில் பாதிப்பேர் அப்பா காலில் விழுந்தார்கள். அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், இடுப்பு விடவில்லை.

ஆட்டோவில், "கோவமாப்பா?" என்று கேட்டேன்.

"உள்ள பதினொண்ணு இருக்குது இல்ல, உங்க அண்ணனோட கோலி? அது இருக்குற வரைக்கும் அது சோடியம்தாம்மா. வெளிய ரெண்டு போகலாம், வரலாம். எவனும் என்ன பேரும் வெக்கலாம். உள்ள இருக்குற எண்ணிக்கை மாறினாத்தான் அது வேற."

அதற்கப்புறம் வீடு வரும்வரை விரல்களை மட்டும் முகர்ந்துகொண்டே வந்தார். அதை எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாளாகப் பேச்சும் குறைவாக இருக்கிறது.

அன்புத் தங்கை,
பொன்னி


டோம்பிவிலி,
5.5.2025

அன்புள்ள பொன்னிக்கு,

உன் கடிதம் இன்று கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். விரலை ஏன் முகர்ந்தார்? அப்புறம் ஏதாவது சொன்னாரா? சாப்பிடுகிறாரா? உடனே எழுது.

வெற்றி


மரக்காணம்,
20.5.2025

அன்புள்ள வெற்றிக்கு,

நான் நலம். நீயும் உன் குடும்பமும் நலம் என்று பொன்னி சொல்கிறாள். இதை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். எழுத்துப்பிழை அவளுடையது, கருத்துப்பிழை என்னுடையது.

நீங்கள் இருவரும் அஞ்சல் துறைக்கு இவ்வளவு ஆதரவு தருவது எனக்குத் தெரியாது. இப்போது எல்லாக் கடிதங்களையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு விளக்கம். புயலுக்குப் பிறகு நின்றதும் சோடியம்தான், ஆனால் முதல் கூடு காலியாக இரண்டாவது கூடு நிரம்பிய சோடியம். இயற்கையில் அப்படி நிற்காது. சிமெண்ட் என்பதால் நின்றது.

ஊரில் நான் கடவுளை ஏற்றுக்கொண்டுவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்களாம். நான் ஏற்றுக்கொண்டது எண்ணிக்கையை. உஷாவையும் சாயாவையும் டீக்கடையிலிருந்தும் நூலகத்திலிருந்தும் அழைத்துவந்து தூணில் ஏற்றியாகிவிட்டது. நூலகக் கதவுக்கு இப்போது செங்கல்.

அடுத்து, உன் தொழில். கற்பூரம் என்பது பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். திடமாக இருந்து, நீராகாமல், நேரே ஆவியாகும். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். ஒன்பதாம் வகுப்பிலேயே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட பொருளை ஒரு பெட்டியில் வைத்திருந்துவிட்டு, அதே பெட்டியில் வேட்டியை அனுப்பினால், மேலே இருக்கும் படத்தைக் கிழித்து என்ன பயன்? எனக்குப் பார்வைதான் போனது. நீ அனுப்பிய முதல் சட்டையிலிருந்தே எனக்குத் தெரியும். கெமிக்கல் லைன் என்றாய். பொய்யில்லை. அதனால் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பெட்டியும் வரும்போது வாசனை இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் கடை நடக்கிறது, நீ நன்றாக இருக்கிறாய் என்று அர்த்தம்.

ரிசல்ட் வந்த அன்று "சாப்டுடா" என்றேன். அதைவிட நல்ல வார்த்தை அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நீ பசியோடு இருந்தாய்.

விரலை ஏன் முகர்ந்தேன் என்று கேட்டிருக்கிறாய். இங்கே ஏற்றுகிற கற்பூரம் மட்டமான சரக்கு. மெழுகு கலப்படம். புகை கறுப்பாக வந்து இரண்டாவது கூட்டில் எட்டு எலக்ட்ரானும் கரி பிடித்திருக்கிறது. அம்சவல்லியிடம் சொன்னேன். "நல்ல கற்பூரம் எங்க சார் கெடைக்குது?" என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். கொண்டு வா. ரயிலில் எடுத்து வரக்கூடாது, தீப்பிடிக்கும் பொருள்.

ஜூன் பதினைந்தாம் தேதி கிரேன் வருகிறது. வெளி எலக்ட்ரான் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. கமிட்டி வந்து கேட்டது, கொடுக்கவில்லை. ஒரு பக்கம் அமுங்கியது அது. அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் உருண்டையாகத் தெரியும் என்று வார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
தேவநாதன்

(அண்ணா, கடைசி வரியைச் சொல்லிவிட்டு அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இந்த வரி அவர் சொன்னதில்லை. — பொன்னி)


அஞ்சலட்டை
டோம்பிவிலி,
29.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இந்தக் கார்டை வீட்டு முகவரிக்கே போட்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் சத்தமாகப் படிக்கலாம். மேலே சுழி போட்டிருக்கிறேன், அடிக்கவில்லை, நீங்கள் மன்னிக்கவேண்டும்.

சுத்தமான கற்பூரம் லாரி சர்வீஸில் நேற்றே கிளம்பிவிட்டது. நானும் அவளும் பிள்ளைகளும் எட்டாம் தேதி ரயிலில் புறப்படுகிறோம். டிக்கெட் உண்மையாகவே எடுத்துவிட்டேன். வெளித் தூணுக்கு நான் வரும்வரை யாரையும் கலவை குழைக்க விடவேண்டாம், தண்ணீரை அதிகம் ஊற்றிவிடுவார்கள்.

கோலிகள் அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் மகன்,
வெற்றிச்செல்வன்